மகளின் காக்ளியர் இம்ப்ளான்டை என் லீவு வரைக்கும் தள்ளிப்போடலாமா?

தம்பி, நீங்கள் எழுதியதை என் வார்த்தையில் ஒருமுறை சொல்லிப் பார்க்கிறேன். மகளுக்கு 2 வயது 4 மாதம். சத்தத்துக்குக் காது நரம்பு காட்டும் பதிலை அளக்கும் பெரா டெஸ்டில் இரண்டு காதிலும் 90 டெசிபெல் வரை பதில் இல்லை. காக்ளியர் இம்ப்ளான்ட், அதாவது ஆபரேஷன் செய்து உள்காதில் பொருத்தும் கேட்கும் கருவி, வைக்கவேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். குளச்சல் வீட்டில் உங்கள் அம்மா, "அவ அப்பனும் நாலு வயசுலதான் வாய் தொறந்தான், பிள்ள தலையில கத்தி வைக்க விடமாட்டேன்" என்று நிற்கிறார். அந்த அம்மாவுக்கே பத்து வருடமாகக் காது மங்கிக்கொண்டு வருகிறது, மிஷின் வைத்தும் பேச்சு புரியவில்லை, அவருக்கும் இதே ஆபரேஷன் செய்யலாமா என்கிறீர்கள். நீங்கள் வளைகுடாவில் இருக்கிறீர்கள். அடுத்த லீவு 14 மாதம் கழித்து, அடுத்த வருடக் கிறிஸ்துமஸுக்கு. நீங்கள் எழுதியதன் தலைப்பில் "காக்ளியர் இம்ப்ளான்ட் நல்லதா?" என்று போட்டிருக்கிறீர்கள். ஆனால் நீங்கள் கேட்பது அது இல்லை. நான் வரும்வரை காத்திருக்கலாமா, வைத்துவிட்டால் அவள் என்னை அப்பா என்று கூப்பிடுவாளா, இந்த இரண்டும்தான்.

நான் ஆடியாலஜிஸ்ட். காது பரிசோதனையும் பேச்சுப் பயிற்சியும்தான் என் வேலை. 22 வருடமாக நாகர்கோவிலில் இருந்துகொண்டு, ஒரு பக்கம் களியக்காவிளை வரைக்கும் மறுபக்கம் ஆரல்வாய்மொழி வரைக்கும் வரும் பிள்ளைகளைப் பார்க்கிறேன். ஆபரேஷன் செய்கிறவள் இல்லை. உங்கள் மகளையோ அவள் ஸ்கேனையோ பார்த்ததும் இல்லை. ஆகவே "வைத்தே தீரவேண்டும்" என்று இங்கிருந்து தீர்ப்புச் சொல்ல என்னால் முடியாது. ஆனால் காத்திருக்கலாமா என்ற கேள்விக்கு ஸ்கேன் பார்க்காமலே பதில் சொல்லலாம். வேண்டாம், காத்திருக்காதீர்கள்.

முதலில் அம்மா சொல்வதை எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் வீட்டில் முடிவெடுக்கப்போவது அவர்தான். நீங்கள் தாமதமாகப் பேசியது உண்மையாக இருக்கலாம். ஆனால் தாமதமாகப் பேசிய அந்தப் பையனுக்குக் காது கேட்டது. நான்கு வருடம் வீட்டுப் பேச்சு முழுவதும் அவனுக்குள் இறங்கிக்கொண்டே இருந்தது, வாய் திறந்ததுதான் தாமதம். உங்கள் மகளுக்குள் எதுவும் இறங்கவில்லை. சாதாரணமாக நாம் பேசும் பேச்சு 60 டெசிபெல் சுற்றி இருக்கும். அவளுக்கு 90-லும் பதில் இல்லை. "பாத்திரத்தத் தட்டினா திரும்பிப் பாக்காளே, பள்ளித் திருவிழா வெடிக்கு முழிச்சுக்கிட்டாளே" என்று அநேகமாக ஒவ்வொரு வீட்டிலும் சொல்வார்கள். பாத்திரத்தைத் தட்டும் கையின் நிழலை அவள் பார்த்திருப்பாள், தரையின் அதிர்வை உணர்ந்திருப்பாள். வெடிச் சத்தம் உடம்பிலேயே இடிக்கும். அடித்தொண்டைச் சத்தங்களைப் போன்ற தாழ்ந்த ஒலிகளில் கொஞ்சம் கேட்கும் திறன் மிச்சம் இருக்கவும் வாய்ப்பு உண்டு, பெரா அதைச் சரியாகக் காட்டாது. இதில் எதுவுமே பேச்சைக் கேட்பது ஆகாது. அம்மாவிடம் வாதம் செய்வதை விட, பிள்ளை வேறு பக்கம் பார்த்து விளையாடும்போது பின்னால் நின்று, எதையும் தட்டாமல், நடமாட்டம் தெரியாமல், "மக்கா" என்று சாதாரணக் குரலில் அம்மாவையே கூப்பிடச் சொல்லுங்கள். ஒரு வாரம் அப்படிக் கூப்பிட்டுப் பார்க்கட்டும். பல பாட்டிமார் மனம் மாறியதை அப்படித்தான் பார்த்திருக்கிறேன்.

ஏன் இந்த அவசரம் என்பதற்குக் காதை விட மூளைதான் காரணம். உள்காதில் நத்தை ஓடு மாதிரி இரண்டரைச் சுற்றுச் சுருண்ட ஒரு குழல் இருக்கிறது. அதற்குள் இருக்கும் மயிர்ச் செல்கள் ஒலியின் அசைவை மின்துடிப்பாக மாற்றி நரம்புக்குக் கொடுக்கின்றன. பிறவியிலேயே கேளாத பெரும்பாலான குழந்தைகளுக்குப் பழுது அந்தச் செல்களில்தான், நரம்பு நன்றாகவே இருக்கும். காதுக்குப் பின்னால் போடும் சாதாரண மிஷின் சத்தத்தைப் பெருக்கித் தரும், அவ்வளவுதான். வாங்கிக்கொள்ளச் செல்லே இல்லாத இடத்தில் எவ்வளவு பெருக்கினாலும் பயனில்லை. காக்ளியர் இம்ப்ளான்ட் அந்தச் செல்களைத் தாண்டிப்போய், நத்தைக் குழலுக்குள் செருகிய மெல்லிய கம்பியில் இருக்கும் 12 முதல் 22 மின்முனைகள் வழியாக நரம்பை நேரடியாகத் தூண்டுகிறது. வெளியே ஒரு மைக், பேச்சை அலசும் ஒரு சிறு கணினி, தோலுக்கு மேல் காந்தத்தால் ஒட்டிக்கொள்ளும் ஒரு வட்டு. உள்ளே, தோலுக்கு அடியில் அதை வாங்கும் பகுதி. ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் கிரேம் கிளார்க் என்ற மருத்துவர் பல மின்முனைக் கருவியை முதல்முதலாக ஒருவருக்கு வைத்தது 1978-ல். அமெரிக்காவில் குழந்தைகளுக்கு அனுமதி கிடைத்தது 1990-ல். உலகம் முழுக்கப் பத்து லட்சத்துக்கு மேல் வைத்தாயிற்று. நம் பிள்ளை மேல் சோதனை செய்கிறார்கள் என்று யாரும் பயப்பட வேண்டியதில்லை.

கருவி அனுப்பும் துடிப்பைப் பேச்சாகப் புரிந்துகொள்வது மூளையின் வேலை. அதைக் கற்றுக்கொள்ளும் பக்குவம் மூளைக்கு என்றைக்கும் ஒரே மாதிரி இருப்பதில்லை. 2002-ல் அனு ஷர்மா என்ற ஆய்வாளரும் அவர் கூட்டாளிகளும் இம்ப்ளான்ட் வைத்த குழந்தைகளின் மூளை அலைகளை அளந்து பார்த்தார்கள். சுமார் மூன்றரை வயதுக்குள் வைத்தவர்களின் மூளையில் கேட்கும் பகுதி சில மாதங்களிலேயே வயதுக்கேற்ற நிலையை எட்டியது. ஏழு வயதுக்கு மேல் வைத்தவர்களில் பெரும்பாலோருக்கு அது எட்டவே இல்லை. கேட்காமல் கிடக்கும் இடத்தை மூளை சும்மா விடுவதில்லை, பார்வைக்கும் தொடுதலுக்கும் கொடுத்துவிடுகிறது. இப்போது கணக்குப் போடுங்கள். 2 வயது 4 மாதத்தோடு 14 மாதம் சேர்ந்தால் சரியாக மூன்றரை. அதற்குப் பிறகுதான் ஸ்கேன், காகிதம், அனுமதி என்று தொடங்குவீர்கள். மூன்றரை என்பது பூட்டிவிட்டுப் போகும் கதவு இல்லை, நான்கு வயதில் வைத்து நன்றாகப் பேசும் பிள்ளைகளும் என்னிடம் வருகிறார்கள். ஆனால் அவர்களும் அவர்கள் அம்மாக்களும் பட்ட பாடு இரட்டிப்பு. ஒரு வயதிலேயே கண்டுபிடித்தும், "பையன் தானே, மெதுவா பேசுவான்" என்று ஒரு மருத்துவர் சொன்னதை நம்பி ஐந்தரை வயதில் என்னிடம் வந்த பையன் ஒருவன் இருக்கிறான். இன்று அவனுக்குச் சத்தம் எல்லாம் கேட்கிறது. ஆனால் வாக்கியம் பிடிபடவில்லை. அவனைப் பார்க்கும்போதெல்லாம் அந்த நாலரை வருடம் என் மனதை அறுக்கிறது.

ஆபரேஷனுக்கு முன் என்னென்ன நடக்கவேண்டும் என்று ஒழுங்காகக் கேட்டுக்கொள்ளுங்கள். பெராவோடு, உள்காதுச் செல்கள் வேலை செய்கின்றனவா என்று பார்க்கும் ஓ.ஏ.இ. என்ற சின்னப் பரிசோதனையும் இருந்தால்தான் பழுது செல்லிலா நரம்பிலா என்ற துப்புக் கிடைக்கும். ஓ.ஏ.இ. நன்றாக வந்து பெரா கெட்டுப்போயிருந்தால் அது வேறு வகை நோய், அதில் இம்ப்ளான்டின் பலன் பிள்ளைக்குப் பிள்ளை மாறும். பிறகு சி.டி., எம்.ஆர்.ஐ. ஸ்கேன். நத்தைக் குழல் சரியாக உருவாகியிருக்கிறதா, கேட்கும் நரம்பு இருக்கிறதா என்பதை எம்.ஆர்.ஐ.தான் சொல்லும். நரம்பே இல்லை என்றால் இந்த ஆபரேஷனால் பயனில்லை, வேறு வழி பேசவேண்டும். மூளைக்காய்ச்சல் வந்து கேட்கும் திறன் போன குழந்தையாக இருந்தால் மாதக்கணக்கில் கூடக் காத்திருக்கக் கூடாது, குழலுக்குள் எலும்பு வளர்ந்து கம்பி போகும் வழியே அடைத்துவிடும். நீங்கள் எழுதியதில் காய்ச்சல் பற்றி இல்லை, இருந்தால் நாளையே டாக்டரிடம் சொல்லுங்கள். மூளைக்காய்ச்சலைத் தடுக்க உதவும் நிமோகாக்கல் தடுப்பூசியை ஆபரேஷனுக்குக் குறைந்தது இரண்டு வாரம் முன்பே போட்டு முடித்திருக்க வேண்டும். இது எல்லாவற்றையும் விட முக்கியமாக, இன்றைக்கே இரண்டு காதிலும் சக்தி வாய்ந்த மிஷின் போடுங்கள். ஆபரேஷன் எப்படியும் நடக்கப்போகிறதே, எதற்குச் செலவு என்று பலர் விட்டுவிடுகிறார்கள். அரைகுறையாகக் கேட்டாலும் நரம்புக்கு வேலை இருக்கும், மிஷினைக் காதில் வைத்துக்கொள்ளும் பழக்கமும் வரும். மிஷினில் எவ்வளவு பலன் இருக்கிறது என்று மூன்று மாதமாவது பார்த்துத்தான் ஆபரேஷனை உறுதி செய்வார்கள் என்பதால் இது வீண் செலவே இல்லை.

"தலையில கத்தி" என்று அம்மா பயப்படுவதில் பாதி, மூளையைத் திறப்பார்கள் என்ற நினைப்பு. மூளையைத் தொடுவதே இல்லை. காதுக்குப் பின்னால் இருக்கும் எலும்பில் வழி செய்து நத்தைக் குழலுக்குள் கம்பியைச் செலுத்துகிறார்கள். முழு மயக்கத்தில் இரண்டு மூன்று மணி நேரம் ஆகும், சில நாளில் வீட்டுக்கு வந்துவிடலாம். ஆபத்தே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். முகத் தசையை இயக்கும் நரம்பு அந்த வழியின் ஓரமாகவே போகிறது, ஆபரேஷன் நடக்கும்போதே அதைக் கருவி வைத்துக் கண்காணிப்பார்கள். தலைசுற்றல், நாக்கில் சுவை மாற்றம், புண் பழுப்பது, அரிதாக மூளைக்காய்ச்சல், சில வருடம் கழித்து உள்கருவி பழுதாகி மறுபடி ஆபரேஷன் என்பவை நடக்கக் கூடியவை, ஆனால் அதிகம் நடக்காதவை. மயக்க மருந்து பற்றிய கேள்விகளை மயக்க மருத்துவரிடமே கேளுங்கள், அது என் துறை இல்லை.

இனி நீங்கள் எழுதாமல் எழுதிய கேள்வி. அப்பா என்று கூப்பிடுவாளா? நரம்பும் குழலும் சரியாக இருந்து, வேறு வளர்ச்சிக் குறை இல்லாமல், இந்த வயதில் வைத்து, வீட்டில் ஒழுங்காகப் பேச்சுக் கொடுத்தால் அவள் அப்பா என்று கூப்பிடுவாள், பேசுவாள் என்று என் அனுபவத்தில் தைரியமாகச் சொல்கிறேன். சந்தேகம் எங்கே என்றால், எவ்வளவு தெளிவாக, எத்தனை மாதத்தில், கூட்டத்தில் எவ்வளவு புரியும் என்பதில்தான். அதை முன்கூட்டியே எந்த டாக்டராலும் சொல்ல முடியாது. நூறு சதவீதம் என்று யாராவது உறுதி கொடுத்தால் நம்பாதீர்கள். ஒரே வயதில், ஒரே கருவி வைத்த இரண்டு பிள்ளைகள் மூன்று வருடம் கழித்து இரண்டு விதமாக நிற்பதைப் பார்த்திருக்கிறேன். சில விஷயங்கள் எல்லோருக்கும் பொது. கருவியைக் கழற்றினால் அவளுக்குக் கேட்காது, குளிக்கும்போதும் தூங்கும்போதும் அவள் மௌனத்தில்தான் இருப்பாள். இரைச்சலில் சிரமப்படுவாள். பாட்டின் தாளம் பிடிபடும், ராகம் நமக்குக் கேட்பது போல் கேட்காது. ஆபரேஷன் முடிந்து மூன்று நான்கு வாரத்தில் கருவியை முதன்முதலாக இயக்கும் நாளில் அநேகக் குழந்தைகள் அழும். வீடியோவில் பார்ப்பது போல் அம்மா குரலைக் கேட்டுச் சிரிப்பது எல்லோருக்கும் நடப்பதில்லை. அவள் அழுதால் சத்தம் போய்ச் சேர்ந்திருக்கிறது என்று அர்த்தம். அதன்பின் மேப்பிங், அதாவது ஒவ்வொரு மின்முனைக்கும் எவ்வளவு மின்சாரம் என்று சரிசெய்வது, முதல் வருடம் பலமுறை நடக்கும், பிறகு வருடத்துக்கு ஒன்றிரண்டு முறை, ஆயுள் முழுக்க.

என்னிடம் வரும் பெற்றோர் பெரும்பாலும் பணத்தையும் ஆபரேஷனையும் பெரிய மலையாக நினைக்கிறார்கள். உண்மையான மலை அதற்குப் பிறகுதான் வருகிறது. காது கேட்கத் தொடங்கும் நாளில் உங்கள் மகளின் கேட்கும் வயது பூஜ்யம். பிறந்த குழந்தைக்கு எப்படி ஒரு வருடம் பேசிப் பேசி முதல் வார்த்தை வருகிறதோ அப்படி இவளுக்கும் பேசவேண்டும். வாரத்துக்கு ஒருநாள், இரண்டு நாள் என்னைப் போன்றவர்களிடம் ஒரு மணி நேரம் வருவாள். மிச்ச நேரம் முழுக்க வீட்டில்தான். நான் பயிற்சி கொடுப்பது உண்மையில் பிள்ளையின் அம்மாவுக்கு. மரச்சீனி (மரவள்ளிக் கிழங்கு) தொலி உரிக்கும்போது சும்மா உரிக்கக் கூடாது. "இது மரச்சீனி. மண்ணா இருக்கு, கழுவலாம். தொலி உரிக்கேன், பாரு, உள்ள வெள்ள. ஒனக்குத் துண்டு வேணுமா?" என்று சொல்லிக்கொண்டே உரிக்கவேண்டும். முதலில் சொல், பிறகு காட்டு. காட்டிவிட்டுச் சொன்னால் கண் வேலையை முடித்துவிடும், காது சோம்பேறியாகும். டி.வி.யும் மொபைல் கார்ட்டூனும் இதில் சேராது, அவை பதில் கேட்பதில்லை.

தமிழுக்கே உரிய ஒரு சங்கதி இருக்கிறது, இதைப் பலர் கவனிப்பதில்லை. நம் மொழியில் பாதி அர்த்தம் சொல்லின் வாலில் இருக்கிறது. வீட்டுக்கு, வீட்டுல, வீட்ட என்பதில் கடைசிச் சின்ன அசைதான் எல்லாம் சொல்கிறது, அதையே நாம் மெதுவாக விழுங்கிப் பேசுகிறோம். காது குறைந்த பிள்ளைகள் "அம்மா கடை போ" என்று வாலில்லாமல் பேசுவதற்கு இதுதான் காரணம். ஆகவே ஒற்றைச் சொல்லாகச் சொல்லிக்கொடுக்காதீர்கள், முழு வாக்கியமாகப் பேசுங்கள், வாலைக் கொஞ்சம் அழுத்துங்கள். படி, மடி இரண்டும் உதட்டில் ஒன்றுபோலவே இருக்கும், காதால்தான் பிரிக்க முடியும். ல, ள, ழ பிரிய நாளாகும், அதற்காகப் பிள்ளையை நிறுத்தித் திருத்திக்கொண்டே இருக்கவேண்டாம். காலையில் கருவியைப் போட்டதும் வாயை மறைத்துக்கொண்டு ஆ, ஊ, ஈ, ம், ஷ், ஸ் என்ற ஆறு ஒலிகளைச் சொல்லிப் பாருங்கள். தாழ்ந்த சுருதியிலிருந்து உச்சம் வரைக்கும் பேச்சின் பரப்பை இந்த ஆறும் தொட்டுவிடும். நேற்றுவரை "ஸ்" கேட்ட பிள்ளை இன்று திரும்பவில்லை என்றால் கருவியில் ஏதோ கோளாறு என்று அன்றைக்கே தெரிந்துவிடும்.

எந்த மொழியில் பேசுவது என்றும் கேட்பார்கள். உங்கள் வீட்டில் அன்றாடம் எந்தப் பேச்சோ அதில். குளச்சல் கடற்கரைத் தமிழ் என்றால் அதே தமிழ், அம்மா வீடு பாறசாலை பக்கம் என்று மலையாளம் புழங்கினால் மலையாளமும் வரட்டும். பள்ளிக்கூடத்தை நினைத்து, தனக்கே சரளமில்லாத ஆங்கிலத்தில் ஒரு தாய் பிள்ளையிடம் பேசும்போது அவள் வாக்கியம் நான்கு சொல்லில் வற்றிவிடுகிறது. அந்த வறட்சிதான் பிள்ளைக்கும் போகிறது.

எத்தனை மணி நேரம் போடவேண்டும் என்றால், கண் விழித்திருக்கும் நேரமெல்லாம். கருவிக்குள்ளேயே கணக்கு இருக்கிறது. அடுத்த மேப்பிங்கில் கணினியோடு இணைத்தால் ஒருநாளைக்குச் சராசரி எத்தனை மணி நேரம் போட்டாள் என்று திரையில் வந்துவிடும். பத்து மணி நேரம் காட்டும் பிள்ளையும் நான்கு மணி நேரம் காட்டும் பிள்ளையும் ஒரே வருடத்தில் வேறு வேறு ஊருக்குப் போய்ச் சேர்ந்துவிடுகிறார்கள். நம் கடற்கரையில் இன்னொரு எதிரி இருக்கிறது: உப்புக் காற்றும் வேர்வையும். இரண்டு பருவமழையும் பெய்யும் மாவட்டம் இது. இரவில் கழற்றியதும் ஈரம் உறிஞ்சும் டப்பாவில் வைத்தே ஆகவேண்டும், காலையில் துடைத்துப் போடவேண்டும், கடலில் இறங்கும்போது வெளிக்கருவியைக் கழற்றிவிடவேண்டும். வெளிக்கருவியையும் காந்த வட்டையும் இணைக்கும் கேபிள்தான் முதலில் போகும். ஒன்று எப்போதும் வீட்டில் உபரியாக இருக்கட்டும், கேபிள் வரும்வரை இரண்டு வாரம் கேட்காமல் இருந்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன்.

பணம். தனியாரில் ஒரு காதுக்கே பல லட்சம் ஆகும். தமிழ்நாட்டில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் 6 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு இது இலவசமாகக் கிடைக்கிறது. குடும்ப வருமான வரம்பு உண்டு, கிராம நிர்வாக அலுவலரின் வருமானச் சான்று வேண்டும். நீங்கள் வெளிநாட்டில் சம்பாதிப்பதை மறைத்துச் சான்று வாங்காதீர்கள், நடுவில் நின்றுபோனால் நஷ்டம் பிள்ளைக்கு. மாற்றுத்திறனாளிகளுக்கு உதவிக் கருவிகள் வழங்கும் மத்திய அரசின் அடிப் திட்டத்திலும் 2014 முதல் காக்ளியர் இம்ப்ளான்ட் உண்டு, மும்பையில் இருக்கும் அலி யாவர் ஜங் தேசிய நிறுவனம் அதை நடத்துகிறது, அதற்கும் வயதும் வருமானமும் பார்ப்பார்கள். கேரளத்தின் ஸ்ருதிதரங்கம் திட்டம் அந்த மாநிலக் குழந்தைகளுக்கானது. நம்மூர் ஆட்கள் திருவனந்தபுரம் பக்கம் என்பதால் அடிக்கடி கேட்கிறார்கள், தமிழ்நாட்டு ரேஷன் கார்டுக்கு அது பொருந்தாது. ஆனால் காசு கொடுத்துப் பரிசோதனையும் பயிற்சியும் பெற அங்கே ஆக்குளத்தில் இருக்கும், காது கேட்பதற்கும் பேச்சுக்குமான நிஷ் நிறுவனம் நல்ல இடம், நம் மாவட்டப் பிள்ளைகள் பலர் போகிறார்கள். அரசு வழியில் போவதாக இருந்தால் ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரியின் காது மூக்கு தொண்டைப் பிரிவில் தொடங்குங்கள். அரசுத் திட்டங்களில் பெரும்பாலும் ஒரு காதுக்குத்தான் கிடைக்கும். இரண்டு காதுக்கும் வைத்தால் சத்தம் வரும் திசை தெரியும், இரைச்சலில் புரிவது கூடும் என்பது நிச்சயம். அதற்காக நிலத்தை விற்கலாமா என்றால், அந்தப் பணத்தைப் பயிற்சிக்கும் உதிரிபாகத்துக்கும், சில வருடத்தில் வாரண்டி முடிந்தபின் மாற்றவேண்டி வரும் வெளிக்கருவிக்கும் ஒதுக்குங்கள் என்பதுதான் என் கருத்து. மறு காதில் சாதாரண மிஷின் தொடரட்டும்.

உங்கள் மனைவி உங்கள் அத்தை மகள் என்றும், அதனால்தான் இப்படி ஆனதா என்று சொந்தக்காரர்கள் அவரைக் குத்துகிறார்கள் என்றும் எழுதியிருந்தீர்கள். சொந்தத்தில் மணம் முடித்தால் இரண்டு பேரிடமும் ஒரே மறைவான மரபணுப் பழுது இருக்கும் வாய்ப்புக் கூடுகிறது, அது உண்மை. அப்படி இருந்தால் பாதி உங்களிடமிருந்து, பாதி அவரிடமிருந்து. ஒருவர் மேல் மட்டும் போட அதில் இடமே இல்லை. இந்தியாவில் அடிக்கடி காணப்படும் ஜி.ஜே.பி.2 என்ற மரபணுப் பழுதாக இருந்தால் நரம்பு பாதிக்கப்படுவதில்லை, இம்ப்ளான்ட் நன்றாகவே வேலை செய்யும். அடுத்த குழந்தைக்கு ஒவ்வொரு முறையும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு இருக்கும் என்பதால், அந்தக் குழந்தைக்குப் பிறந்த முதல் மாதத்திலேயே காதைச் சோதியுங்கள். உங்கள் மனைவிதான் இனி தினமும் பத்து மணி நேரம் பேசப்போகிறவர். அவரைக் குற்றவுணர்ச்சியில் தள்ளிவிட்டுப் பேச்சை எதிர்பார்க்க முடியாது.

சைகை கூடாது என்று பயிற்சியாளர்கள் கண்டிப்பாகச் சொல்வார்கள், நானும் பத்து வருடம் அப்படிச் சொன்னவள்தான். இப்போது சொல்வதில்லை. சைகை பேச்சைக் கெடுக்கிறதா, உதவுகிறதா என்பதில் ஆய்வாளர்களே இரண்டு பக்கமாக நிற்கிறார்கள். கருவி பழுதான நாளிலும் குளிக்கும் நேரத்திலும் பிள்ளையோடு பேச ஏதோ ஒரு வழி வேண்டுமே. கேட்கும் நேரத்தில் காதுக்கு முதலிடம், அதைத் தாண்டி உங்கள் விருப்பம். ஸ்கேனில் நரம்பு இல்லை என்று வந்தால் இந்தியச் சைகை மொழியில் முழு மனதோடு இறங்குங்கள். அது முழுமையான ஒரு மொழி, அதில் படித்துப் பட்டம் வாங்கியவர்கள் நம் நாட்டில் இருக்கிறார்கள்.

அம்மாவுக்கு வருகிறேன். ஐம்பத்தேழு வயது இதற்குத் தடையே இல்லை, எண்பதைத் தாண்டியவர்களுக்கும் வைக்கிறார்கள். பேச்சு ஏற்கெனவே மூளையில் இருப்பதால், பெரியவர்கள் குழந்தைகளைப் போல் மொழியை முதலிலிருந்து கற்கவேண்டியதில்லை. முதலில் வண்டு இரைவது போலவும் ரேடியோ கரகரப்பது போலவும் கேட்கும், சில மாதத்தில் பேச்சாகத் தெளியும். ஆனால் உடனே ஆபரேஷன் என்று போகாதீர்கள். மிஷின் வைத்தும் புரியவில்லை என்பதற்கு அந்த மிஷினே காரணமாக இருக்கலாம். கடையில் வாங்கியதா, அவர் காதுக்கு அளந்து சரிசெய்ததா? சீழ் வடிகிறதா? காதுக்குள் இருக்கும் சின்ன எலும்பு இறுகிப்போவதுதான் காரணம் என்றால் வேறு சிறிய ஆபரேஷனிலேயே சரியாகும். நன்றாகச் சரிசெய்த மிஷினோடு, உதட்டைப் பார்க்காமல், வாக்கியங்களைச் சொல்லச் சொல்லி எத்தனை சரியாகச் சொல்கிறார் என்று அளந்த பிறகுதான் அவருக்கு இம்ப்ளான்ட் தேவையா என்று பேசலாம். தேவை என்றே வந்தாலும், குழந்தைகளுக்கான அந்த அரசு உதவி அவருக்குக் கிடைக்காது என்பதால் பணத்தில் முதலிடம் மகளுக்கு. ஆனாலும் அம்மாவின் காதைத் தள்ளிப்போடாதீர்கள் என்று நான் சொல்வதற்கு இன்னொரு காரணம் இருக்கிறது. பகலெல்லாம் பிள்ளை அவர் மடியில்தான். அவள் முதன்முதலாக "ஆச்சி" என்று அரைகுறையாகச் சொல்லும்போது, அது அவருக்குக் கேட்டு, உடனே பதில் வரவேண்டும். பதில் வராத சத்தத்தை ஒரு பிள்ளை எத்தனை நாள் எழுப்பும்?

கடைசியாக உங்கள் லீவு. ஆபரேஷன் நாளில் நீங்கள் பக்கத்தில் இருக்க விரும்புவது புரிகிறது. ஆனால் அன்று அவள் மயக்கத்தில் இருப்பாள், கையெழுத்துப் போடத் தாய் போதும், மாமாவோ சித்தப்பாவோ துணைக்கு நிற்கட்டும். முதலாளியிடம் பேச முடிந்தால், கருவியை இயக்கி இரண்டு மூன்று மாதம் ஆனபின் ஒரு மாதம் கேளுங்கள். அப்போதுதான் அவள் குரல்களைப் பிரிக்கத் தொடங்கியிருப்பாள், வீட்டில் புதிதாக ஒரு ஆண் குரல் நாள் முழுக்கக் கேட்பது அவளுக்கு அவ்வளவு உதவும். அதுவரை தினமும் வீடியோவில் ஒரே நேரத்துக்குக் கூப்பிடுங்கள். முகத்தில் வெளிச்சம் விழ உட்காருங்கள், அவள் பெயரைச் சொல்லித் தொடங்குங்கள், ஒரே சின்னப் பாட்டை ஒவ்வொரு நாளும் பாடுங்கள். இப்போது அவளுக்கு அது கேட்காது. கருவி வந்தபிறகும் போன் வழியாக வரும் குரல் புரிய எல்லாப் பிள்ளைகளுக்கும் நாளாகும். ஆனால் அந்த முகமும் அந்த நேரமும் அவளுக்குப் பழகியிருக்கும். இந்த வாரம் ஓ.ஏ.இ. எடுத்தார்களா என்று மனைவியிடம் கேட்டுவிட்டு, இல்லை என்றால் திங்கட்கிழமையே ஆசாரிப்பள்ளத்துக்கு அனுப்புங்கள், பெரா அறிக்கையின் மூலப் பிரதியைக் கையில் கொடுத்து.